"நன்கு பராமரிக்கப்பட்டது" – யாரால்?

தானா ராத்தாவில் ஒரு தேநீர்க் கடையின் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத் துண்டொன்று அண்மையில் நம் கண்ணில் பட்டது. ஆங்கிலத்தில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாக எழுதி, மலைச்சாரல் நனைக்காதபடி கண்ணாடித்தாள் உறையில் இட்டு ஒட்டியிருந்தார்கள். தமிழ்த் துண்டின் வாசகம் இது:

"ஐரோப்பியத் தோட்டத் துரை வைத்திருந்த எம்.ஜி.பி. திறந்த ஸ்போர்ட்ஸ் கார் விற்பனைக்கு. நன்கு பராமரிக்கப்பட்டது. தரகர்கள் வேண்டா."

மூன்றே வாக்கியங்கள். கடைசி வாக்கியத்தை நாம் மனமார வரவேற்கிறோம். நாற்பது ஐம்பது ஆண்டு கடந்த வண்டியைத் தரகர் கையில் கொடுப்பது, பாட்டியின் அட்டிகையை உருக்குகிறவனிடம் எடைக்குப் போடுவது போன்றதே. வண்டி பிறந்த ஆண்டைப் பார்த்து அவன் உதட்டைப் பிதுக்குவான்; வாங்கிய மறுநாளே அதே வாயால் அதே ஆண்டைச் சொல்லி இரட்டை விலை கேட்பான். ஆகையால் உடையவர் நேரில் நின்று, வாங்குகிறவர் முகத்தைப் பார்த்து விற்பதே யோக்கியமான முறை. அதில் நமக்கு அணுவளவும் ஆட்சேபணை இல்லை. முதல் வாக்கியத்தைப் பற்றிப் பின்னர்ச் சொல்லுவோம். இப்போது நாம் வழக்குத் தொடுப்பது இரண்டாம் வாக்கியத்தின்மீது.

நன்கு பராமரிக்கப்பட்டதாம்! யாரால் என்று கேட்கிறோம்.

பராமரித்தல் ஒரு வினை. வினை இருந்தால் வினைமுதல் ஒருவன் இருந்தே தீரவேண்டும் என்பது திண்ணைப் பள்ளியில் படித்த பிள்ளைக்கும் தெரியும். ஆனால் 'படு' என்னும் சிறு சொல் வந்து ஒட்டிக்கொண்ட மாத்திரத்தில், வினைமுதல் மெல்லக் கொல்லைப்புறமாய் வெளியேறிவிடலாம்; வாசற்படியில் அவனை யாரும் தேடமாட்டார்கள். இதிலுள்ள சாமர்த்தியத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். முதல் வாக்கியத்தில் துரை வருகிறார். இரண்டாம் வாக்கியத்தில் பராமரிப்பு வருகிறது, ஆள் வரவில்லை. படிக்கிறவன் என்ன செய்வான்? அருகில் நிற்கும் துரையையே அந்தக் காலி நாற்காலியில் உட்கார வைத்துவிடுவான். எழுதியவர் பொய் சொல்லவில்லை; பொய் தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது. நாளைக்கு யாராவது கேட்டால், "துரை பராமரித்தார் என்று நான் எங்கே எழுதினேன்?" என்று கைவிரிக்கலாம்.

இம்மலைக்கு இந்த இலக்கணம் புதிதன்று. 1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்பவர் இவ்வுயர்நிலத்தைக் கண்டு குறித்தார். மலை அவர் பெயரைப் பூண்டுகொண்டது. அவரோடு காடு கடந்து வந்த கூலோப் ரியாவின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? இவ்விருவருக்கும் எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே இச்சரிவுகளில் வாழ்ந்துவரும் செமாய் மக்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? 1929-இல் ரஸ்ஸல் துரை போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார் என்று படிக்கிறோம். காட்டை அழித்துச் சரிவைத் திருத்துவதற்கு ஆள்களும் கோவேறு கழுதைகளும் ஒரேயொரு நீராவி உருளையும் உதவினவாம். அந்த உருளை தனியொன்றாக எண்ணப்படும் பேறு பெற்றது. ஆள்களோ 'ஆள்கள்' என்று மொத்தமாய் முடிந்துபோனார்கள். தாப்பாவிலிருந்து மலையேறும் சாலை 1931-இல் திறக்கப்பட்டது. பார்த்தீர்களா, இந்தப் 'பட்டது' நம் பேனாவிலும் வந்து உட்கார்ந்துகொண்டதை! அவ்வளவு பழகிப்போன நோய் இது.

நிற்க. பழைய வண்டி கைமாறுவது கேமரன் மலையில் அன்றாட நிகழ்ச்சி. 1948-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த லாண்ட் ரோவர் வண்டிக்கு இம்மலை இரண்டாம் தாயகம் என்றே சொல்லலாம். முட்டைக்கோஸ் கூடைகளையும் தக்காளிப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு, எண்ணெய்ப் புகை கக்கியபடி, ரிங்லெட்டிலும் பிரிஞ்சாங்கிலும் கம்போங் ராஜாவிலும் அவை இன்னும் உறுமிக்கொண்டு திரிகின்றன. அவ்வண்டியின் மேலுடம்பு அலுமினியக் கலவை. அதில் இரும்புத் துரு ஏறாது. அடிச்சட்டகமோ எஃகு, ஈரம் அதை உள்ளிருந்தே தின்னும். ஆகவே லாண்ட் ரோவர் வாங்கப் போகிற காய்கறித் தோட்டக்காரர் மேலுடம்பை ஏறிட்டும் பார்ப்பதில்லை. முதலில் குனிகிறார், ஒரு சுத்தியலால் அடிச்சட்டகத்தைத் தட்டி ஓசை கேட்கிறார், "எந்தப் பட்டறை பார்த்த வண்டி?" என்று விசாரிக்கிறார், அதற்குப் பிறகே விலைக்கு வருகிறார். இன்ன பட்டறைக்காரர் பார்த்தது என்றால் விலை ஏறும்; வேறொருவர் பெயரைச் சொன்னால், "சரி, வருகிறேன்" என்று குடையை எடுத்துக்கொள்வார். முன்னே அதை வைத்திருந்தவர் எந்தச் சாதி, எந்தத் தேசம், அவருக்குப் பங்களா உண்டா என்றெல்லாம் ஒருவரும் கேட்க நாம் கேட்டதில்லை. முட்டைக்கோஸ் வண்டிக்கு இவ்வளவு அறிவோடு நடந்துகொள்ளும் நம்மவர்க்கு, கூரை மடக்கும் சீமை ஸ்போர்ட்ஸ் கார் என்றவுடன் அந்த அறிவு எங்கே போய் ஒளிந்துகொள்கிறது?

ஒரு எம்.ஜி.பி.யை நன்கு பராமரிப்பது என்றால் என்ன என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் அதைச் சொன்னால்தான், அவ்வினைக்குரிய வினைமுதல் யார் என்று விளங்கும். 1962-ஆம் ஆண்டு முதல் 1980-ஆம் ஆண்டு அக்டோபர் வரையில் இங்கிலாந்தின் ஆபிங்டன் ஊர்த் தொழிற்சாலையில் இவ்வண்டிகள் செய்யப்பட்டன. கூரை மூடிய வகையையும் சேர்த்தால் மொத்தம் 5 லட்சத்துக்கும் மேல். 1798 கன சென்டிமீட்டர் இயந்திரம், இரட்டை எஸ்.யு. கார்புரேட்டர். முரட்டுத்தனம் இல்லாத, சொன்னபடி கேட்கிற வண்டி. ஆனால் இதற்குத் தனியாக அடிச்சட்டகம் கிடையாது. உடம்பே எலும்பு. அதிலும் கூரையில்லாத வகைக்கு, கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பக்கச் சட்டங்கள்தாம் முதுகெலும்பு. பட்டறை மொழியில் அவற்றைச் 'சில்' என்பார்கள். மழைநீரும் சேறும் சக்கர வளைவிலிருந்து புகுந்து அந்தச் சட்டங்களுக்குள்ளே தங்கிவிடும். துரு உள்ளிருந்து வெளியே வரும். வண்ணத்தில் ஒரு சிறு கொப்புளம் தெரிகிற நாளில் உள்ளே பாதி உதிர்ந்திருக்கும். பட்டி தடவி வண்ணம் அடித்து விட்டால் ஆறு மாதம் ஒருவருக்கும் தெரியாது. வண்டியை ஜாக்கி கொடுத்துத் தூக்கி நிறுத்திக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தால் மட்டும் குட்டு வெளிப்படும்: சட்டம் அழுகியிருந்தால் வண்டி நடுவில் தொய்ந்து, கதவு தன் இடத்தில் பொருந்தாமல் முட்டும். இருக்கைகளுக்குப் பின்னே தரையின்கீழ் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள். அவற்றை ஏந்தும் பெட்டிகளும் அமிலத்தாலும் ஈரத்தாலும் அரிபடும். 1974 வரையிலான வண்டிகளெல்லாம் இப்படித்தான். முன்சக்கரத்தின் கிங்பின்னுக்கு 3,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் ஏற்ற வேண்டும். மறந்தால் திருகுவட்டம் கல்லாய்க் கனக்கும். அதிர்வு தாங்கிகளில் எண்ணெய் குறையாமல் பார்க்கவேண்டும்.

இவையெல்லாம் எந்த ஊரிலும் உள்ளவை. கேமரன் மலையில் இன்னும் சில உண்டு. தானா ராத்தா கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,440 மீட்டர். அங்கே காற்று மெலிவு. தாப்பாவின் வெப்பத்தில் சரியாக ஓடிய கார்புரேட்டர் கலவை இங்கே பெட்ரோல் மிகுந்து கரும்புகை விடும். இங்கே சரிசெய்தால் கீழே இறங்கியதும் பட்டினி கிடந்து இருமும். இரண்டுக்கும் நடுவே ஒரு புள்ளியைக் காதால் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். லாத்தா இஸ்கந்தர் அருவிப் பக்கம் வளைவு வளைவாக இறங்குகையில் பிரேக் காய்ந்துவிடும். அதிலுள்ள திரவமோ காற்றின் ஈரத்தைக் குடிக்கும் இயல்பினது. ஈரம் குடித்த திரவம் கொதித்தால் மிதிகட்டை பஞ்சாகிவிடும். ஆகவே குறித்த காலத்தில் மாற்றியே ஆகவேண்டும். கடைசியாகத் துணிக்கூரை. நனைந்த கூரையை மடித்தால் பூஞ்சை பிடிக்கும். அவசரமாய் மடித்தால் பின்கண்ணாடித்தாள் வெடிக்கும். வெயிலைக் காண்பதே விசேஷமாகிவிட்ட மாதங்களில், அந்தக் கூரையை விரித்து உலர்த்துவதற்கென்றே ஒருவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

துரையா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்?

நாம் அவ்வண்டியைப் பார்க்கப் போனோம். வாங்கும் வக்கு நமக்கில்லை. வாங்க விரும்பிய ஈப்போ நண்பர் ஒருவருக்குத் துணையாகப் போனோம். விற்பவர் தோட்டத்திலே பிறந்து, நகரத்திலே தொழில் செய்து, தம் முயற்சியால் முன்னுக்கு வந்த தமிழர். நல்ல மனிதர் என்பதிலும் நமக்கு ஐயமில்லை. தேநீரும் பிஸ்கோத்தும் கொடுத்தே எங்களை உட்கார வைத்தார். 1960-களின் நடுவிலே செய்த வண்டி. கரும்பச்சை. பழைய கொட்டகை ஒன்றில், தார்ப்பாய் விலக்கியவுடன், ஈரம் பட்ட மாவிலை போல் மின்னியது. கொட்டகைக்கு வெளியே, குடை பிடித்தபடி, எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். "அண்ணே, பானட்டைத் திறங்க" என்று விற்பவர் குரல் கொடுத்தார். அவர் வந்து திறந்தார். திறந்துவிட்டு மறுபடியும் வெளியே போய் நின்றுகொண்டார்.

விற்பவர் எங்களுக்குத் துரையின் வரலாற்றைச் சொன்னார். துரை எப்படித் தொப்பி வைத்துக்கொண்டு மாலை வேளைகளில் இதில் கிளப்புக்குப் போவார், துரைசாணி எப்படித் தலையில் துணி கட்டிக்கொள்வார், ஒரு பன்றி குறுக்கே பாய்ந்தபோது துரை எப்படித் தப்பினார் என்று அரை மணி நேரம் ஆயிற்று. ஈப்போ நண்பர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இடப்பக்கச் சில்லு எப்போது மாற்றியது?"

விற்பவருக்கு விழி பிதுங்கியது. "துரை வண்டி சார், அதெல்லாம் ஒரிஜினலாகவே இருக்கும்" என்றார்.

"ரெண்டு தடவை மாத்தியிருக்குங்க" என்று வெளியேயிருந்து பதில் வந்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லுவோம். பெரியவர் அத்தோட்டத்துப் பட்டறையில் பதினெட்டு வயதில் கையாளாகச் சேர்ந்து பிட்டராக ஓய்வு பெற்றவர். அவர் தந்தை கங்காணியோடு கப்பலேறி வந்தவர். அத்தகைய ஆள்சேர்ப்பை இந்திய அரசாங்கம் 1938-இல் நிறுத்துவதற்கு முன் வந்த கடைசிக் கூட்டங்களில் ஒருவர். துரை இவ்வண்டியை வைத்திருந்தது ஏறக்குறையப் பத்தாண்டு. அவர் சீமைக்குத் திரும்பிய பின் ஒரு கிராணியார் கையில் சில காலம். பின்னர்ப் பல காலம் ஒருவர் கையிலும் உருப்படியாக இல்லாமல் கொட்டகையில். கடைசியில் இப்போது விற்பவரிடம். இத்தனை கைகள் மாறிய போதும் மாறாத கை ஒன்றே ஒன்று. அது ஐம்பது ஆண்டுக்கு மேலாக இவ்வண்டியைத் தொட்ட கை. வேலை நேரத்துக்குப் பின், லைன் வீட்டுக்குப் போகாமல், பெரும்பாலும் கூலியில்லாமல். துரை காலத்தில் பழைய சட்டையும் பண்டிகைக்கு ஒரு புட்டியும் கிடைத்ததுண்டாம்.

அவரிடம் மூன்று நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. பள்ளிப் பிள்ளைகள் எழுதும் கோடு போட்ட நோட்டுகள். ஒன்றாய்ச் சேர்த்துச் சாக்கு ஊசியால் தைத்திருந்தார். தேதி, மைல், செய்த வேலை, போட்ட சாமான். எல்லாம் தமிழில். இடச் சில்லு அழுகியது, வெட்டி எடுத்தது, புதுத் தகடு வெல்டிங் செய்தது. பேட்டரிப் பெட்டி மாற்றியது. கேஸ்கட் போனது, போட்டது. ஓரிடத்தில், துரை ஊருக்குப் போன மாதத்தின்கீழ், "வண்டி ஓட ஆள் இல்லை. மாதம் இருமுறை ஸ்டார்ட் செய்து வைக்கிறேன்" என்று எழுதியிருந்தது. அதன்கீழே வரிசையாகத் தேதிகள், மூன்று பக்கம். யாரும் சொல்லாமல், யாரும் கேளாமல், தனக்குச் சொந்தமில்லாத ஒன்றுக்கு.

அந்த நோட்டுகளை விளம்பரத்தோடு ஏன் காட்டவில்லை என்று நாம் விற்பவரைத் தனியே கேட்டோம். அவர் மறைக்காமல் சொன்னார்: "சார், அதைக் காட்டினால் வாங்குகிறவர் பயந்துவிடுவார். அழுகல், வெல்டிங் என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதி வைத்திருக்கிறார். தோட்டத்து ஆள் கையெழுத்து வேறே. துரை வண்டி என்று சொன்னால் மறுபேச்சு இருக்காது."

நமது வழக்கின் சாரம் முழுவதும் இந்த ஒரு பதிலில் அடங்கியிருக்கிறது. எந்த நோட்டு வண்டியின் குறையைச் சொல்லுகிறதோ, அதே நோட்டுதான் குறை தீர்ந்ததையும் சொல்லுகிறது. ஒன்றை மறைத்தால் இரண்டும் மறைந்துபோகின்றன. ஐம்பது ஆண்டில் ஒருமுறைகூடச் சட்டம் மாற்றாத எம்.ஜி.பி. இம்மலையில் இருக்குமானால், அது அழுகிப்போன எம்.ஜி.பி.யாகத்தான் இருக்கும். 'ஒரிஜினல்' என்று எந்தச் சொல்லைப் பெருமையென்று நினைத்துச் சொன்னாரோ, விவரமறிந்தவன் காதில் அதுவே அபாயச் சங்காக ஒலிக்கும். ஈப்போ நண்பர் அரை மணி நேரத் துரை புராணத்தில் அசையாதவர், "ரெண்டு தடவை மாத்தியிருக்கு" என்ற அந்தச் சொல்லைக் கேட்டபிறகுதான் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார். துருவை மறைக்கப் பட்டி தடவுவது ஒரு மோசடி என்றால், துருவின்மேல் துரையைத் தடவுவது எந்த வகையில் அதற்குக் குறைந்தது?

வாங்குகிறவரை ஏமாற்றுவது ஒருபுறம் இருக்கட்டும். விற்பவர் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார். இவ்வளவு பழைய வண்டிக்கு வங்கி எளிதில் கடன் கொடாது. ரொக்கம் எண்ணித்தான் வாங்கவேண்டும். முழுக் காப்புறுதி எழுதவும் கம்பெனிக்காரன் ஆயிரம் யோசனை செய்வான். வண்டியின் நிலைக்கும் மதிப்புக்கும் அத்தாட்சி கேட்பான். ரொக்கம் கொடுக்கிறவனும் காப்புறுதி எழுதுகிறவனும் நம்பத்தக்க காகிதம் வேறு எது? இங்கிலாந்திலுள்ள மோட்டார்ச் சரித்திர நிலையத்துக்கு எழுதிப் பணம் கட்டினால், வண்டி எந்தத் தேதியில் ஆபிங்டனை விட்டுப் புறப்பட்டது, முதலில் என்ன நிறம் என்று சான்றிதழ் கொடுக்கிறார்கள். நல்லதே; அது பிறப்புச் சீட்டு. பிறந்த குழந்தை அறுபது வயது வரை எப்படி உயிரோடிருந்தது என்பதைப் பிறப்புச் சீட்டு சொல்லுமா?

"பேர்பெற்றவர் வைத்திருந்த பொருளுக்கு உலகெங்கும் விலை அதிகந்தானே? அதைச் சொன்னால் உங்களுக்கு ஏன் எரிகிறது?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. கேட்கட்டும். ஜானிஸ் ஜோப்ளின் என்ற அமெரிக்கப் பாடகி 1968-இல் 3,500 டாலருக்கு ஒரு பழைய போர்ஷே 356 திறந்த வண்டியை வாங்கினார். 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் நியூயார்க்கு ஏலத்தில் அது 17 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. பாடகியின் பெயருக்கு மதிப்பில்லையென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அவ்வண்டியைப் பார்த்தவர் எவரும் மறக்க முடியாதது, அதன் உடம்பெல்லாம் வரைந்திருக்கும் ஓவியம். வரைந்தவர் டேவ் ரிச்சர்ட்ஸ். பாடகியின் கச்சேரிகளுக்குச் சாமான் தூக்கி மேடை கட்டிய பணியாள். 500 டாலர் கூலிக்கு வரைந்தார். ஏலக்காரர்கள் அவர் பெயரை மறைக்கவில்லை. "வண்ணம் தீட்டப்பட்டது" என்று எழுதி முடிக்கவில்லை. பெயரைச் சொன்னார்கள், சொன்னதனால் விலை குறைந்ததாகத் தெரியவில்லை.

இன்னொன்று கேளுங்கள். 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு மெர்சிடிஸ் வண்டி 13 கோடியே 50 லட்சம் யூரோவுக்கு விற்றது. உலகத்தில் அதுவரை எந்த மோட்டார் வண்டியும் அவ்விலை கண்டதில்லை. அவ்வண்டியை எந்தக் கோமான் பெயரால் அழைக்கிறார்கள்? கோமான் எவனும் இல்லை. ஊலன்ஹவுட் வண்டி என்கிறார்கள். ஊலன்ஹவுட் அதை உருவாக்கிய கம்பெனி இன்ஜினீயர், மாதச் சம்பளக்காரர்.

வெள்ளைக்காரன் தன் ஊரில் தன் பணியாளின் பெயரைச் சொல்லி விலையை ஏற்றிக்கொள்கிறான். நாம் நம் ஊரில் நம் பணியாளின் பெயரை மறைத்து, வெள்ளைக்காரன் பெயரைச் சொல்லி விலையை ஏற்றப் பார்க்கிறோம். அந்தத் துரையோ பாடகருமல்லர், பந்தயக்காரருமல்லர். அவர் பெயரைக்கூட விளம்பரத்தில் காணோம்! 'ஐரோப்பியர்', 'துரை' என்ற இரண்டே சொற்கள். அப்படியானால் விலை கேட்பது ஒரு மனிதரின் புகழுக்கு அன்று; தோல் நிறத்துக்கு. நாடு விடுதலை பெற்று (அது 1957) இத்தனை ஆண்டு கழிந்தும், துரை உட்கார்ந்த தோல் மெத்தைக்கு நம்மவர் கேட்கும் தனி வாடகை இது. பதிவு எண்ணைக் கூட்டிப் பார்த்து எட்டு வந்தால் பின்வாங்குகிறவர்களையும், கைமாறுகிற நாளில் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்குகிறவர்களையும் பற்றி நாம் முன்பே எத்தனையோ முறை எழுதியாயிற்று. அந்தப் பழத்துக்காவது ஊறுகாய் போடும் உபயோகம் உண்டு.

துரை ஒன்றுமே செய்யவில்லையா என்று கேட்டால், நியாயமாகவே பதில் சொல்லுவோம். சாமான்களுக்குச் சீமைக்கு எழுதிப் பணம் அனுப்பினார். பட்டறையைப் பயன்படுத்த இடம் கொடுத்தார். வண்டியை முரட்டுத்தனமாக ஓட்டவில்லை என்று பெரியவரே சாட்சி சொன்னார்: "நல்ல கால் அவருக்கு, கிளச்ச மிதிச்சே ஓட்ட மாட்டாரு." அவருக்குரிய பத்தாண்டைப் பத்தாண்டாகவே எழுதுங்கள், ஒரு நாளும் குறைக்க வேண்டாம். மிச்சமுள்ள காலத்தை யார் கணக்கில் எழுதப் போகிறீர்கள் என்பதே நமது கேள்வி.

சட்டத்தில் இதற்கு இடமில்லை என்பதும் நமக்குத் தெரியும். 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் உடையவர் யார் என்பதை மட்டுமே கேட்கும். வண்டியை ஆய்வு நிலையத்தில் காட்டி, பழைய உடையவரும் புதிய உடையவரும் இலாகாவில் பெருவிரல் ரேகை வைத்து, 'கிராண்ட்' என்று நம்மவர் சொல்லும் பதிவுப் பத்திரத்தில் பெயர் மாற்றிக்கொள்வது நாடறிந்த வழக்கம். அந்தப் பெருவிரலைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பாட்டன்மார் சம்பளப் பட்டியில் பெருவிரல் ஒற்றினார்கள். எழுத்தறியாதவன் அடையாளம் என்று கிராணிமார் அதைப் பார்த்து நகைத்தார்கள். இன்று பணக்காரரும் அதே பெருவிரலைத்தான் கண்ணாடிமேல் வைக்கிறார். வைக்கிற இருவரில் ஒருவர் நேற்றுவரை வைத்திருந்தவர். மற்றவர் நாளை முதல் வைத்திருக்கப் போகிறவர். ஒவ்வொரு திருகிலும் ஒவ்வொரு மூடியிலும் எவருடைய ரேகை ஐம்பது ஆண்டாய் மசியோடு மசியாய்ப் படிந்திருக்கிறதோ, அவரை மட்டும் இயந்திரம் கேட்பதில்லை. இயந்திரம் கேளாதது குற்றமன்று. நாம் கேளாமலிருப்பதற்கு என்ன சமாதானம்?

விலையில் பெரியவருக்குப் பங்கு கொடுக்க வேண்டுமா என்று விற்பவர் சற்றுக் கோபமாகவே நம்மைக் கேட்டார். கொடுக்க வேண்டும் என்றுதான் சொன்னோம். பங்கு என்ற சொல் கசந்தால், தராமல் விட்ட கூலி என்று சொல்லிக்கொள்ளட்டும். 'நன்கு பராமரிக்கப்பட்டது' என்ற இரண்டு சொல்லுக்காக வாங்குகிறவர் எத்தனை ஆயிரம் வெள்ளி அதிகம் கொடுக்கிறாரோ, அந்த ஆயிரங்கள் விற்பவர் சம்பாதித்தவை அல்ல. அவர் தார்ப்பாய் போர்த்தி வைத்திருந்தார், மறுக்கவில்லை. தார்ப்பாய்க்குரிய விலையை எடுத்துக்கொள்ளட்டும்.

இன்று இம்மலையின் கொழுந்துக் காடுகளில் தமிழ்க் குரல் குறைந்துவிட்டது. வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள் பலர் கத்திரியும் இயந்திரமும் கொண்டு கொழுந்து வெட்டுகிறார்கள். நம் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள், போனது நல்லதே. ஆனால் போகிறவர்கள் கொட்டகைகளைக் காலி செய்யும்போது எதை எடுத்துக்கொள்கிறார்கள், எதைக் குப்பையில் போடுகிறார்கள் என்பதைப் பார்க்கையில் வயிறு எரிகிறது. துரையின் தொப்பி மாட்டிய ஆணி பத்திரமாகச் சுவரில் இருக்கிறது. அப்பன் எழுதிய நோட்டு தேங்காய் மட்டையோடு எரிகிறது. இதே போன்ற கொட்டகைகள் இன்னும் எத்தனையோ இருக்கும். கார் இல்லாவிட்டால் கொழுந்து உலர்த்தும் இயந்திரம், அதுவும் இல்லாவிட்டால் ஒரு பழைய டீசல் மோட்டார். அவற்றை விற்கப் போகிறவர்கள், விற்பதற்கு முன் ஒருமுறை கொட்டகைக்கு வெளியே யாராவது குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார்களா என்று எட்டிப் பார்க்கட்டும்.

விளம்பரத்தை மாற்றி எழுதித் தரும்படி விற்பவரே கடைசியில் நம்மைக் கேட்டுக்கொண்டார். மனம் மாறியா, ஈப்போ நண்பர் நாற்காலியை முன்னிழுத்ததைக் கண்டா என்று நாம் ஆராயவில்லை. எழுதிக் கொடுத்தோம். வண்டியின் ஆண்டு, இயந்திரத்தின் அளவு, சட்டம் மாற்றிய இரண்டு தேதிகள், இனிமேல் மாற்ற வேண்டியவை (பின்கண்ணாடித்தாள் ஒன்று, வலப்பக்க அதிர்வு தாங்கி ஒன்று), வைத்திருந்தவர்கள் மூவர், பராமரித்தவர் ஒருவர். அவர் பெயரை எழுத வேண்டிய இடத்தில் அவரையே கேட்டோம். தோட்டப் பேரேட்டில் தம் தந்தை பெயரைக் கிராணியார் தவறாக எழுதிவிட்டதனால் வாழ்நாள் முழுதும் தலைப்பெழுத்து மாறியே வந்ததாகவும், இதிலாவது சரியான எழுத்தைப் போடவேண்டும் என்றும் சொன்னார். போட்டோம்.

நோட்டுகளைத் தாமே வைத்துக்கொள்ளுகிறாரா என்று கேட்டதற்கு, "எனக்கு எதுக்குங்க? வண்டியோடயே போகட்டும். கடைசி நோட்டுல பாதி காலியா இருக்கு, வாங்குறவரை அதுலயே எழுதச் சொல்லுங்க. கிங்பின்னுக்குக் கிரீஸ் இன்னும் 400 மைல்ல வருது" என்றார்.